செங்கோட்டை மருமகளும் கொடுமுடிக் கோகிலமும்

தாமிரபரணிக் கரையில் இலக்கியம் பேசக் கூடுகிற இடங்களில் எஸ்.ஜி. கிட்டப்பாவின் பெயர் எழுந்துவிட்டால், பேச்சு வேறு திசைக்குத் திரும்புவது அரிது. அந்தக் குரலின் உச்சம், ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டிய அதன் வீச்சு, இருபத்தேழு வயதில் வந்த சாவு எல்லாம் ஒரு சுற்று வரும். பிறகு, பந்தி முடிந்தபின் நீட்டப்படும் வெற்றிலைத் தட்டைப் போல, கே.பி. சுந்தராம்பாள் வருவார். ரயிலில் பாடிப் பிழைத்த சிறுமி, கிட்டப்பாவை மணந்தவர், இருபத்தைந்து வயதில் வெள்ளைப் புடவை உடுத்தியவர், ஔவையார். அவ்வளவில் ஒரு பெருங்கலைஞரின் வாழ்க்கை முடிந்துவிடும். 'நம்ம செங்கோட்டை மருமகள்லா' என்று யாராவது உரிமையோடு சொல்லிவைப்பார். இந்தச் செல்ல உரிமையோடுதான் நமக்கு வழக்கு.

(கிட்டப்பா வாழ்ந்த காலத்தில் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956இல்தான் அது நெல்லை மாவட்டத்துக்கு வந்தது; 2019இல் தென்காசி மாவட்டத்துக்குப் போயிற்று. மண்ணின் பெருமை பேசுகிறவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.)

எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். சுந்தராம்பாள் 1908இல் கொடுமுடியில் பிறந்தார். சிறுமியாக வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்தார். இலங்கை மேடைகளில் பெயர் பெற்றார். அதற்குப் பிறகே, 1926இல், கொழும்பில் கிட்டப்பாவோடு முதன்முதலாகச் சேர்ந்து நடித்தார். கிட்டப்பா மறைந்தது 1933 டிசம்பர் 2. இடைப்பட்டவை ஏழு ஆண்டுகள். அவற்றிலும் பிணக்கும் பிரிவும் போக எஞ்சியவை எத்தனை என்பதைப் பிற்காலத்தில் அச்சேறிய அவர்களுடைய கடிதங்களைப் படித்தவர்கள் அறிவார்கள். அக்கடிதங்களில் கெஞ்சல் உண்டு. கோபமும் குத்தலும் உண்டு. தெய்வீகக் காதலின் சாட்சியமாக அவற்றை மேற்கோள் காட்டுகிறவர்கள் முழுவதும் படித்தார்களா என்று நமக்கு ஐயம். கிட்டப்பாவுக்குப் பின் சுந்தராம்பாள் 1980 வரை, ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தார், பாடினார், நடித்தார். ஏழு ஆண்டுகளைக் கதையாக்கி நாற்பத்தேழு ஆண்டுகளை அதன் அடிக்குறிப்பாக்குவது என்ன வகை வரலாறு?

நம் மனக்குறை இதைவிடவும் ஆழமானது. தமிழ் இலக்கியம் பயின்றவர்களும் பயிற்றுவிப்பவர்களும் நாடகத்தை அச்சுப் பிரதியாகவே பார்க்கப் பழகியிருக்கிறோம். சங்கரதாஸ் சுவாமிகள் பாடத்திட்டத்தில் இருக்கிறார். அன்றைய நெல்லை மாவட்டத்தில், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் என்பதால் நம் பகுதியில் அவருக்குத் தனி மரியாதையும் உண்டு. முழுத் தகுதியும் அவருக்கு உண்டு. ஆனால் ஸ்பெஷல் நாடகம் என்ற அந்த வடிவம் எப்படி இயங்கியது? ஒரு நாடகத்துக்கு ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணம் என்றால் வள்ளி திருமணம். பாட்டும் கதைப்போக்கும் எல்லோருக்கும் பாடம். அதற்குமேல் விடியவிடிய நடக்கிற தர்க்கம், எதிராளியின் வசனத்துக்கு அந்தக் கணத்திலேயே தொடுக்கிற பதில், சபை கேட்கும்போது விரித்தும் சோரும்போது சுருக்கியும் பாடுகிற பாட்டு ஆகிய அனைத்தும் மேடையில் நிற்பவரின் ஆக்கம். தினைப்புனத்தில் முருகனோடு வாதாடுகிற வள்ளி, சுவாமிகளின் ஏட்டில் பாதிதான் இருக்கிறாள். மறுபாதியை ஆக்கியவர்கள் நடிகைகள். அவர்களுள் தலையாயவர் ஒருவரை 'குரல்' என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறோம். கோகிலம் என்ற பட்டமும் அந்த வேலையைத்தான் செய்கிறது. குயிலுக்குச் சிந்தனை வேண்டுவதில்லை அல்லவா?

இனி அந்த வெள்ளைப் புடவை. கிட்டப்பா இறந்தபின் அவர் நகை அணியவில்லை. ஆண் நடிகருக்கு இணையாக இனி நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். இதைக் கற்பின் காவியமாகப் பாடுவது நம் பொதுப்புத்திக்கு உவப்பானது. ஏற்கெனவே மனைவி உள்ள ஒருவரை, அதுவும் வேறு சாதியில், மணந்துகொண்ட நாடகக்காரியை ஊர் எப்படிப் பேசியிருக்கும் என்பதையும் கூடவே எண்ண வேண்டும். நாடக நடிகைகள்மீது சமூகம் சுமத்தும் இழிவைப் பற்றி, மதுரைப் பகுதியில் தங்கி ஆய்வு செய்த சூசன் சைசர் 2005இல் விரிவான நூலே வெளியிட்டிருக்கிறார். மேடைக்குப் போகிற வழியில்கூட ஊர்க்கண்ணுக்குப் படாமல் தம்மை மறைத்துக்கொண்டு, நல்ல குடும்பத்துப் பெண்களாகக் காட்டிக்கொள்ள நடிகைகள் படும் பாடு அதில் இருக்கிறது. சுந்தராம்பாளின் வெண்மையைத் துயரத்தின் அடையாளமாக மட்டுமன்றி, ஒரு தொழிற்கலைஞர் தம் தொழிலைத் தம் நிபந்தனைகளின்படி தொடர்வதற்குக் கண்ட வழியாகவும் வாசிக்க இடமிருக்கிறது என்பதே நம் துணிபு. அவருடைய துயரத்தையோ முருக பக்தியையோ நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 'அவரே தம்மைக் கிட்டப்பாவின் மனைவி என்றுதானே சொல்லிக்கொண்டார்' என்பவர்களுக்கு நம் விடை ஒன்றுதான்: சொல்லிக்கொண்டது உண்மை, அதைச் சொல்லிக்கொண்டே அவர் செய்ததைப் பாருங்கள்.

1935இல் வந்த நந்தனார் படத்துக்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். தமிழ்த் திரையுலகில் அதற்கு முன் யாரும் கேட்டிராத தொகை. அதைவிடப் பெரிய செய்தி, ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த நந்தனாக ஒரு பெண் நடித்தார் என்பது. வேதியராக எதிரில் நின்றவர் மகாராஜபுரம் விசுவநாதையர். பிறகு 1940இல் மணிமேகலை. 1953இல் ஜெமினியின் ஔவையார். 1964இல் பூம்புகாரில் கவுந்தியடிகள். 1973இல் காரைக்கால் அம்மையார். இந்த வரிசையை ஓர் இலக்கிய மாணவர் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்கட்டும். பரத்தையர் குலம் விதித்த வாழ்வை உதறி அறம் பூண்டவள், மணவினையிலிருந்து தப்ப முதுமையை வேண்டிப் பெற்றவள், துறவி, கணவன் தன்னைத் தெய்வமென்று வணங்கி விலகியபின் பேயுரு வேண்டியவள். தமிழ் மரபில் இல்லறத்தின் வேலிக்கு வெளியே நின்று பேசிய பெண்களை ஏறக்குறைய அனைவரையும் ஒரே நடிகை ஏற்றிருக்கிறார்! ஆண் துணைக்கு எதிரில் நின்று பாடும் ஸ்திரீபார்ட் என்ற இடத்தை அவர் துறந்ததால் திறந்த கதவு இது. நாமோ அந்த வேடங்களையெல்லாம் ஒரே பக்திப் பாட்டியாகக் குழைத்து வைத்திருக்கிறோம்.

நம் நாட்டில் மட்டும் நடந்த விந்தையும் அன்று இது. அமெரிக்காவில் எதெல் வாட்டர்ஸ் என்றொரு கறுப்பினக் கலைஞர் இருந்தார். வறுமையில் பிறந்து, ப்ளூஸும் ஜாஸும் பாடிப் புகழ்பெற்று, கிட்டப்பா மறைந்த அதே 1933இல் பிராட்வேயில் வெள்ளையர்களோடு சரிசமமாக நட்சத்திர இடத்தில் நின்றவர். 1939இல் அங்கே கனமான நாடக வேடமேற்று விமர்சகர்களை வென்றவர். முதுமையில் பில்லி கிரகாமின் கிறித்தவப் பிரசாரக் கூட்டங்களில் பாடினார். 1977இல் இறந்தபோது பலருக்கு அவர் வெண்தலைப் பக்திப் பாடகி மட்டுமே. ஆனால் அங்கே ஜாஸ் வரலாற்றாசிரியர்கள் அவருடைய 1920களின் இசைத்தட்டுகளை எடுத்துவைத்து, பின்வந்த பாடகியருக்கு அவர் திறந்த வழியை விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். நம்மிடம் அத்தகைய வரலாற்றாசிரியர்கள் எத்தனை பேர்?

தமிழிசை பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1940களில் தமிழில் பாடுக என்று வழக்காடியவர்களுள் நம் ரசிகமணி டி.கே.சி. முன்வரிசையில் நின்றவர், அதில் நமக்குப் பெருமைதான். ஆயினும் கச்சேரி மேடை தமிழுக்கு இடம் தருமா என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருந்ததற்கு இருபதாண்டு முன்பே, கூரைக் கொட்டகைகளில் பெரும்பாலும் தமிழிலேயே இரவெல்லாம் பாட்டு நடந்துகொண்டிருந்தது. உழவரும் வண்டிக்காரரும் காசு கொடுத்துக் கேட்ட அந்த இசையைத் தமிழிசை வரலாற்றின் முதல் அத்தியாயத்தில் வைக்க நமக்கு ஏன் கை வருவதில்லை? 1966இல் தமிழ் இசைச் சங்கம் அவருக்கு இசைப் பேரறிஞர் பட்டம் வழங்கியது. அறிஞர் என்ற அச்சொல்லை நம் இலக்கிய வட்டம் இன்னும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரசு மேடைகளில் அவர் பாடிய பாட்டுகளையும், 1950களின் தொடக்கத்தில் சென்னை மாகாணச் சட்ட மேலவையில் அவர் அமர்ந்ததையும் இங்கே விரிக்க இடமில்லை. சினிமாவும் அரசியலும் பற்றித் தடித்தடியாக எழுதுகிறவர்கள் தொடங்க வேண்டிய இடம் அது.

அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடப் பாட்டுத்தான் கொள்ளும். வள்ளியாக அவர் தொடுத்த தர்க்கம் எந்தத் தட்டிலும் ஏறவில்லை. அந்த வாதமுறையைச் செவிவழியாகக் கற்ற நடிகையர் மதுரை வட்டாரத்தில் பின்னும் மேடையேறி வந்திருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து தங்கி அவர்களைப் பற்றி எழுதினார். நம் கல்லூரிகளிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் மூன்று மணி நேரம்.