புதுத் தொட்டியும் வெல்லக் கரைசலும்

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கங்களில் நிலமுடையோர் சிலர், கொளத்தூர் வியாபாரத்தை உத்தேசித்துக் கிணற்றடியில் சிமெண்டுத் தொட்டி கட்டி அலங்கார மீன் வளர்க்க முற்படுகின்றனர். முயற்சி நல்லதே. ஆயினும் கட்டிய மறுவாரமே குஞ்சுகளை விட்டு, பதினைந்து நாட்களுக்குள் அவற்றை வாரி எறிய நேர்வது மீனின் குற்றமன்று.

மீனின் கழிவினின்றும் மிஞ்சிய தீவனத்தினின்றும் அமோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அமோனியம் சல்பேட் இட்ட புன்செய் நிலத்தில் நடப்பதும் இதுவே. வினோகிராட்ஸ்கி என்னும் ருஷிய சாஸ்திரி 1890-ஆம் ஆண்டில் ஆராய்ந்து, இவ்வுயிர்கள் சர்க்கரை முதலியவற்றை வேண்டாமலே வாழ்வன என்று காட்டினார்.

இதனை அறியாது, நல்ல கிருமி பெருகட்டும் என்று, வயலுக்கு ஜீவாமிர்தம் விடுவதுபோல வெல்லமும் சாணமும் கரைத்து ஊற்றுவோர் உளர். வெல்லத்தை உண்பவை வேறு உயிர்கள். அவை பெருகி நீரிலுள்ள பிராணவாயுவைக் கவர்ந்துகொள்ள, வேண்டிய உயிர்கள் திணறுகின்றன. பயோபிளாக் முறையில் வெல்லம் இடுவது வேறு நோக்கம் பற்றியது. அங்கே இரவும் பகலும் காற்று இயந்திரம் ஓடும்.

புதுச் சிமெண்டின் காரம் போக வாழைத்தண்டு இட்டு ஊறவைத்துப் பன்முறை நீர் மாற்றுதல் பலரும் அறிந்ததே. அதன்பின், மீன் விடாமலே நாள்தோறும் ஒரு சிட்டிகை தீவனம் இட்டு அழுகவிடல் வேண்டும். அமோனியாவுடன் இவ்வுயிர்களுக்குச் சிறிதளவு வேண்டிய பாஸ்பரஸும் அதில் கிடைக்கும். நவச்சாரம் மட்டும் இட்டால் பாஸ்பரஸ் கிட்டாது. அமோனியாவிலுள்ள நைட்ரஜன் 1 கிராம் மாறுவதற்கு ஏறக்குறைய 4½ கிராம் பிராணவாயுவும், 7 கிராம் சுண்ணாம்புக் கல்லுக்கு ஈடான காரத்தன்மையும் செலவாகின்றன. ஆதலின் காற்றுக் குழாய் இன்றியமையாதது. மழைநீர் நிரப்பிய தொட்டியாயின் கிளிஞ்சலும் இடுக. கிணற்று நீருக்குப் பெரும்பாலும் அது வேண்டுவதில்லை. குளோரின் கலந்த குழாய்நீரோ இவ்வுயிர்களையே கொல்லும்.

விதைக்கு, நோயற்ற பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சு அல்லது ஒரு கைப்பிடிச் சரளை போதும். புட்டியில் விற்பவற்றினும் அது நம்பத்தக்கது. விதையின்றேல் 4 முதல் 6 வாரம் வரை செல்லும். அதுகாறும் தொட்டி வெறுமையாய்க் கிடப்பதைப் பார்வையிட வரும் கிராம அலுவலர்கள் குறையாக எழுதலாகாது. சோதனைத் திரவத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று தெரிந்த பின்னரே மீன் விடுக. அதுவும் முதலில் சிலவே.