மூளி அலங்காரியை மட்டும் ஏசாதீர்கள்

வில்லி ஒருத்தி கிடைத்துவிட்டால் போதும், நமக்கு நிம்மதி. நாடகம் முடிந்ததும் அவளை நாலு வார்த்தை திட்டிவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். ‘நல்லதங்காள்’ நாடகத்தைப் பார்த்துவிட்டுத் தலைமுறை தலைமுறையாக நாம் இதைத்தான் செய்துவருகிறோம்.

அது விருதுநகர் மாவட்டத்துக் கதை. பட்டாசு ஆலைகள் சூழ்ந்த விஸ்வநத்தத்தில் கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வத்திராயிருப்பு போனால் பக்கத்தில் அர்ச்சுனாபுரம். அங்கே நல்லதங்காளுக்குக் கோயில் உண்டு. அவள் விழுந்ததாகச் சொல்லப்படும் கிணறும் உண்டு.

கதை தெரியாத இளைய தலைமுறைக்காகச் சுருக்கம். நல்லதங்காள் மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவள். கடும் பஞ்சம். ஏழு பிள்ளைகளும் பசியில் துவள, பிறந்த ஊரான அர்ச்சுனாபுரத்துக்கு, அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு நடக்கிறாள். வழியில், காட்டில் அண்ணனையே பார்த்துவிடுகிறாள். நீ வீட்டுக்குப் போம்மா, நான் பின்னால வர்றேன் என்று அவன் அனுப்பிவைக்கிறான். வீட்டில் மதினி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். பிள்ளைகளைப் பட்டினி போட்டு அவமானப்படுத்துகிறாள். மனம் பேதலித்துப்போன நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். திரும்பி வந்த அண்ணன், பெண்டாட்டியையும் அவள் சொந்தபந்தத்தையும் கொன்று பழிதீர்த்துவிட்டுத் தானும் செத்துப்போகிறான். பாடத்துக்குப் பாடம் விவரங்கள் மாறும். சிலவற்றில் கடைசியில் சிவனும் பார்வதியும் வந்து உயிர் கொடுப்பார்கள்.

புகழேந்திப் புலவர் பேரில் ‘பெரிய எழுத்து’ப் புத்தகமாக விற்ற கதை. நாடக மேடையில் ஊர் ஊராக அழவைத்த கதை. தமிழில் 1935-லும் 1955-லும், மலையாளத்தில் 1950-லும் சினிமாவாக வந்தது. இத்தனை பேர் இத்தனை காலம் அழுதும் ஒரு கேள்வியை மட்டும் யாரும் உரக்கக் கேட்கவில்லை. தான் பிறந்த வீட்டு வாசலில் நல்லதங்காள் ஏன் பிச்சைக்காரியாக நின்றாள்?

மதினி கெட்டவள் என்பது இதற்குப் பதிலாகாது. மதினி நல்லவளாக இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? கஞ்சி கிடைத்திருக்கும். அதுவும் தயவுதான். அதே வீட்டில் பிறந்து, அதே முற்றத்தில் விளையாடியவளுக்கு ஒரு மரக்கால் தானியத்தில்கூட உரிமை கிடையாது. நேற்று வந்த மருமகள் கையில் சாவி. அந்தச் சாவியும் அவளுடையதல்ல. புருஷன் இருக்கிறவரைக்கும்தான் இடுப்பில் தொங்கும். சொத்தில்லாத இரண்டு பெண்களை ஒரே அடுப்படியில் மோதவிட்டுவிட்டு, “பொம்பளைக்குப் பொம்பளைதான் எதிரி” என்று வசனம் பேசுகிறோம். கதை கட்டியவர்கள் அவளுக்கு வைத்த பெயரைப் பாருங்கள். ‘மூளி’ என்பதே வசவு. விசாரணைக்கு முன்பே தீர்ப்பு!

அவள் செய்தது கொடுமை இல்லையா? கொடுமைதான். பசித்த பிள்ளைக்குச் சோறு மறுப்பவளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் பாசமலரான அண்ணன் என்ன செய்தான்? ஏழு பிள்ளைகளும் பசியில் நிற்பதைக் கண்ணால் பார்த்தவன், கூட வந்திருக்க வேண்டாமா? வீட்டுப் பொறுப்பு பெண்டாட்டிக்கு, வேட்டை தனக்கு. எல்லாம் முடிந்த பிறகு வந்து வாளை உருவுகிறான். அதற்குத்தான் கைதட்டல். தங்கச்சிக்குப் பங்கு கொடுக்காதவன் பழி வாங்கினால் பாசக்கார அண்ணன்!

கி.மு. 431-ல் ஏதென்ஸ் மேடையில் யூரிப்பிடிஸ் எழுதிய ‘மெடீயா’ நடந்தது. தன்னைக் கைவிட்ட புருஷனைப் பழிவாங்க, பெற்ற பிள்ளைகளையே கொல்கிறவள் மெடீயா. பயங்கரம்தான். ஆனால் காதல், வெறி, பழி மூன்றும் அந்த ஒருத்திக்குள்ளேயே நடக்கிறது. தன் கோபத்தை அவளே வாய்விட்டுப் பேசுகிறாள். நாம் அதைப் பங்கு பிரித்துவிட்டோம். பாசம் அண்ணனுக்கு, பித்து தங்கச்சிக்கு, பழி மறுபடியும் அண்ணனுக்கு. சொத்தைத்தான் பிரிக்கவில்லை.

பிள்ளைகள் கணக்கையும் பேசியாக வேண்டும். மூத்தவன் உயிருக்குக் கெஞ்சுகிற காட்சியில் கொட்டகையே அழும். யாருக்காக? பெரும்பாலும் தாய்க்காக. பிள்ளை தாய்க்குச் சொந்தமான பொருள் அல்ல. கூடவே கூட்டிக்கொண்டு போகிற உரிமை எந்தத் தாய்க்கும் கிடையாது. அவளைத் தெய்வமாக்கிக் கும்பிட்டது நமக்கு மலிவான ஏற்பாடு. பங்கு கொடுப்பதைவிடப் பொங்கல் வைப்பது சுலபம். இன்றைக்கும் பிள்ளைகளோடு தாய் செத்தாள் என்று செய்தி வருகிறது. காரணம் இரண்டே வார்த்தை: குடும்பத் தகராறு. பிழைத்துக்கொண்டவள் மீது கொலை வழக்கு. இப்போது 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் எந்த நேரமும் மனசு விட்டுப் பேசலாம். மனம் உடைந்து நிற்கிற பெண்ணுக்கு அதை யாராவது சொல்லுங்கள். அந்த நிலைக்குத் தள்ளிய கணக்கையும் தீருங்கள்.

அந்தக் கணக்கு சொத்துக் கணக்குதான். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக 60 வருஷம் ஆனது. 1989-ல் வந்த அந்தச் சட்டத்திலும், 1989 மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமான மகள்களுக்கு மூதாதையர் சொத்தில் அந்த உரிமை இல்லை. அதாவது நல்லதங்காளுக்கு இல்லை! 2005-ல் மத்தியச் சட்டம் அந்தத் தடையை எடுத்தது. 2020-ல் சுப்ரீம் கோர்ட், 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட அவசியமில்லை என்றது.

சட்டம் வந்தாச்சு. வீட்டில் என்ன நடக்கிறது? அப்பா காரியம் முடிந்ததும் ‘விடுதலைப் பத்திரம்’ தயாராகிறது. “அண்ணனை கோர்ட்டுக்கா இழுக்கப்போற? நாளைக்குப் பொறந்த வீட்டுப் படி மிதிக்க வேணாமா? தாய்மாமன் சீர் யாரு செய்வா?” தங்கச்சி கையெழுத்துப் போட்டுவிடுகிறாள். சீருக்கு ஒரு பட்டுப்புடவை, கொஞ்சம் நகை. சீர் தயவு, பங்கு உரிமை. இரண்டுக்கும் உள்ள தூரத்தில்தான் அந்தக் கிணறு இருக்கிறது.

விஸ்வநத்தம் பக்கம் பெண்கள் தயவுக்குக் காத்திருக்காமல் வேறு வழி பார்த்தார்கள். அதே வறண்ட பூமிதான். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். பிறகு பட்டாசு வந்தது. பட்டாசுக்குத் திரி வைத்த, சரம் பின்னிய பெண் கையில் சொந்தச் சம்பளம் வந்தது. மதினி கதவைச் சாத்தினால் பஸ் ஏறி வேலைக்குப் போகலாம். ஆனால் அந்தச் சம்பளத்துக்கு விலை என்ன? 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் செத்தார்கள். 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் கட்டுப்பாடு விதித்த பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. கூலி நிற்கும், ஆலை வெடிக்கும். பிறந்த வீட்டில் ஒரு பங்கு இருந்தால் அது அங்கேயே இருக்கும்.

நல்லதங்காளை மேடையேற்றுகிறவர்கள் தாராளமாக ஏற்றுங்கள். நாமும் அழுவோம். ஆனால் தங்கச்சியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி பீரோவில் பூட்டி வைத்திருக்கும் அண்ணன்மார்களே, நல்லதம்பி வாளை உருவும்போது நீங்கள் மட்டும் கைதட்டாதீர்கள். அந்த வாள் முதலில் உங்கள் பக்கம்தான் திரும்ப வேண்டும்.