தண்ணி கட்டுற ராத்திரியும் ஒரு கொலையும்

க்ரைம் நாவலை ஒரு பஸ் பயணத்தில் முடித்துவிட்டு, "உள்ள ஒண்ணுமே இல்லையேப்பா" என்பார்கள் டவுன் நண்பர்கள். அவ்வளவு வேகமாப் படிச்சா எதுல என்னங்க இருக்கும்? துப்பறியும் கதையை நிறுத்தி நிறுத்திப் படிக்கணும் என்பது என் கட்சி.

எங்க பக்கம் மும்முனை கரண்ட் பல நாள் ராத்திரியில்தான் வரும். மோட்டாரைப் போட்டுவிட்டு, பல்பு வெளிச்சத்தில் ஒரு அத்தியாயம். அதுக்குள்ள ஒரு பாத்தி நிரம்பிடும். புத்தகத்தைக் கவுத்து வச்சுட்டு, மம்முட்டியும் டார்ச்சுமாப் போய் மடை மாத்திட்டு வரணும். அந்தப் பத்து நிமிஷ நடைதான் ருசியே. டிரைவர் ஏன் மழையைப் பத்திப் பொய் சொன்னான்? ராஜேஷ்குமார் நாவல்கள் இதுக்குன்னே செஞ்ச மாதிரி. ஒரு அத்தியாயத்தில் ஒரு கதை, அடுத்ததில் சம்பந்தமே இல்லாத இன்னொண்ணு. ரெண்டும் எங்க முட்டும்னு யோசிச்சுக்கிட்டே வரப்புல நடக்கலாம். சுஜாதா என்றால் வசந்த் பேச்சுக்குச் சிரிக்கிற நேரத்தில் ஒரு தடயம் நழுவிடும்.

ஊரில் மோட்டார் வயர் திருட்டுப் போனால் விடியறதுக்குள்ள ஒரு பேர் சொல்லிடுவாங்க. அநேகமா வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த ஏதோ ஒரு பையன் பேர். தடம் தண்ணி பாயறதுக்கு முன்ன பதிஞ்சதா, பின்னயா என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். மூணாவது அத்தியாயத்திலேயே மாட்டுகிறவன் குற்றவாளி இல்லைன்னு நூறு கதை படிச்சவனுக்கு, அந்தப் பேரைச் சேர்ந்து சொல்ல வாய் வராதுங்க.

ஆனா எழுதுறவங்களும் நேர்மையா இருக்கணும். 1929லேயே ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதி போட்டார். குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்துவிட வேண்டும் என்பது முதல் விதி. கடைசியில் திடீர்னு ஒரு சித்தப்பா பையனைக் கொண்டுவந்து "இவன்தான்" என்கிற நாவலை வாய்க்கால்ல வீசலாம். 1926ல் அகதா கிறிஸ்டியின் ரோஜர் அக்ராய்ட் நாவல் வந்தபோது ஏமாத்து வேலைன்னு சிலர் சண்டைக்குப் போனார்கள். முடிச்ச கையோட முதலில் இருந்து திரும்பப் படிங்க. எல்லாம் அங்கயேதான் கிடக்கும்.

கடைசி அத்தியாயத்தை மட்டும் அடுத்த ராத்திரிக்கு மிச்சம் வைப்பேன். வீட்டம்மா கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற ஆள், படிச்சதைச் சொல்லாமலும் இருக்க மாட்டாங்க. அதனால் புத்தகம் மோட்டார் ரூமை விட்டு வீட்டுக்கு வராது.