காட்டில் முடியும் அரண்மனைகள்

அரண்மனை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கல்லையும் பொன்னையும் தேடிப் போகிறார்கள். வெர்சாயையும் பெய்ஜிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எத்தனை அறை, எந்த நூற்றாண்டு என்று ஒப்பிடும் நூல்களுக்குப் பஞ்சமில்லை. நாம் வேறு இரண்டு இடங்களைச் சேர்த்துப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்கிறோம். ஒன்று, உகாண்டாவின் கம்பாலா நகரில் கசூபி குன்றின்மேல் உள்ள புகாண்டா மன்னர்களின் கல்லறை மாளிகை. மற்றது, ஒக்கினாவாத் தீவின் நாஹா நகரில் ரியூக்யூ மன்னர்கள் ஆண்ட ஷுரி கோட்டை. முன்னது புல் வேய்ந்தது. பின்னது மரத்தால் எழுப்பிச் செவ்வரக்குப் பூசியது. இரண்டும் நம் கண்முன்னே எரிந்தன. கசூபி 2010 மார்ச் 16 இரவில். ஷுரி 2019 அக்டோபர் 31 விடியுமுன்.

இரண்டு அரசுகளும் இன்று தனிநாடுகள் அல்ல. ரியூக்யூவை 1879இல் ஜப்பான் தன்னோடு சேர்த்துக்கொண்டது. கடைசி மன்னர் ஷோ தாய் டோக்கியோவுக்குப் போக நேர்ந்தது. புகாண்டாவின் முடியாட்சியை 1967இல் உகாண்டா அரசு ஒழித்தது. 1993இல் கபாகா என்னும் மன்னர் பட்டம் திரும்பி வந்தது, ஆளும் அதிகாரம் வரவில்லை. படையும் வரியும் போன பின் மக்கள் பற்றிக்கொள்ள எஞ்சியவற்றில் இந்தக் கட்டடங்கள் முதன்மையானவை.

கசூபியில் முதலாம் முதேசா 1882இல் கட்டியது தன் அரண்மனையை. 1884இல் அவர் இறந்ததும் அதிலேயே அடக்கம் செய்தார்கள். அவருக்குப் பின் வந்த மன்னர்களில் மூவரும் அங்கேயே துயில்கிறார்கள். மூவாங்கா 1903இல் செஷல்ஸ் தீவில் நாடுகடத்தப்பட்ட நிலையில் இறந்தார். உடல் 1910இல் வந்தது. இரண்டாம் முதேசா 1969இல் லண்டனில் இறந்து 1971இல் திரும்பினார். அயல்மண்ணில் மாண்ட மன்னரைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வீடு அது.

வெளியே நின்று பார்த்தால் சுவரே கண்ணில் படாது. உச்சியிலிருந்து இறங்கும் புற்கூரை தரையைத் தொட்டு நிற்கும். செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே போனால், விதானத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக 52 வளையங்கள். புகாண்டாவின் 52 குலங்களுக்கு ஒவ்வொன்று. காலடியில் எலுமிச்சைப்புல் பரப்பி, அதன்மேல் ஓலைப்பாய். எதிரே செம்பழுப்பு நிறத்தில் ஒரு மரவுரித் திரை. ஆலும் அத்தியும் சேர்ந்த இனத்து முதுபா மரத்தின் உட்பட்டையை உரித்து, வரிவரியாகப் பள்ளமிட்ட மரச்சுத்தியால் அடித்து அடித்துத் துணியாக விரித்தது அது. உரித்த இடத்தில் வாழையிலையைச் சுற்றிக் கட்டினால் மரம் மறுபடி பட்டை வளர்க்கும். அந்தத் திரைக்கு அப்பால் இருப்பதைக் 'கிபிரா', காடு என்கிறார்கள். கபாகா சாவதில்லை, காட்டுக்குள் போய்விடுகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. மன்னர்களின் மனைவியர் வழி வந்த பெண்கள் முறைவைத்து அங்கே காவல் இருக்கிறார்கள்.

ஷுரியில் முதலில் தெரிவது இதற்கு நேர்மாறான உலகம்: வளைந்து செல்லும் சுண்ணாம்புக்கல் மதில், பின் பெரிய முற்றம், அதன் தலைமாட்டில் பேரவை மண்டபம். தூண்களில் சீனத்து நாகங்கள். முகப்பில் ஜப்பானிய வளைவுக் கூரை. முற்றத்தின் வடபுற மண்டபத்தில் சீனப் பேரரசரின் தூதர்களை வரவேற்றார்கள். 1609இல் படையெடுத்து வந்து மேலாண்மை கொண்ட சட்சுமா என்ற ஜப்பானியச் சிற்றரசின் அதிகாரிகளுக்குத் தென்புற மண்டபம். இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே ஒரு சிறு நாடு எப்படிப் பிழைத்தது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் முற்றம் வேறு எங்கும் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

ஆனால் கோட்டைக்கு வெளியே, பலரும் நின்று பார்க்காமல் கடந்துபோகும் ஒரு சிறிய கல்வாயில் உண்டு. 1519இல் எழுப்பிய சொனோஹ்யான் உதாகி வாயில். மன்னர் பயணம் கிளம்புமுன் இங்கே நின்று வழிபடுவார். அதற்குப் பின்னால் கருவறையோ சிலையோ இல்லை, மரங்கள்தான். ஆப்பிரிக்காவின் நடுவிலும் கிழக்குச் சீனக் கடலிலும், ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிராத இரண்டு அரசமரபுகள், அதிகாரத்தின் மூலத்தை அரியணைக்குப் பின்னால் ஒரு காட்டில் வைத்தன. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பெரிய பொருள் வேண்டுமா?

கற்கோயில்களின் நிழலில் வளர்ந்த நமக்குப் பழைமை என்றால் கல்தான். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலைப் பார்த்துவிட்டு வருகிறவர்களில் எத்தனை பேர் அருகிலுள்ள மாளிகைமேட்டில் இறங்குகிறார்கள்? அங்கே சோழர் அரண்மனையின் செங்கல் அடித்தளம் மட்டும் மிச்சம். மரமும் ஓடுமாக இருந்த மாளிகையைத் திரும்பக் கட்டும் கையறிவும் அதோடு போயிற்று.

புகாண்டாவில் அந்த அறிவு குலத்துக்குள் இருக்கிறது. அரச மாளிகையின் கூரை வேய்வது 'ங்கேயே' என்னும் குலத்தின் உரிமை. அரசருக்கான மரவுரி செய்வது 'ங்கோங்கே' குலத்தின் உரிமை. எரிந்த வீட்டை மறுபடி எழுப்ப யாரைக் கூப்பிட வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை. ஆண்டுகள் பல பிடித்தன, ஜப்பான் அரசின் நிதியும் யுனெஸ்கோ வழியாக வந்தது. 2023இல் ஆபத்திலுள்ள உலக மரபிடங்களின் பட்டியலிலிருந்து கசூபி நீங்கியது.

ஷுரியில் கையறிவு அறுந்துபோனது, ஏடு தப்பியது. 1920களில் பாழடைந்த மண்டபத்தை இடிக்க இருந்தபோது கலை ஆய்வாளர் காமகுரா யோஷிதாரோவும் கட்டடக்கலை அறிஞர் இட்டோ சூட்டாவும் தலையிட்டுத் தடுத்தார்கள். கோட்டைக்கு அடியில் ஜப்பானியப் படை தலைமையகச் சுரங்கம் தோண்டியதால் 1945இல் அமெரிக்கக் குண்டுகள் எல்லாவற்றையும் தரைமட்டமாக்கின. 1768ஆம் ஆண்டுப் பழுதுபார்ப்பின் அளவுக்குறிப்புகளும், காமகுரா எடுத்த படங்களும் எழுதிய ஏடுகளும் இல்லாவிட்டால் 1992இல் மறுகட்டுமானம் நடந்திருக்காது.

2019இல் எரிந்தது அந்த 27 வயதுக் கட்டடம். வெறும் நகல் என்று ஒதுக்குவோர் உண்டு. உலக மரபுப் பட்டியலிலும் ஷுரியில் இடம்பெற்றது அடித்தள எச்சங்கள்தான். ஆனாலும் ஊர் அழுதது. உடைந்த கூரை ஓடுகளில் ஒட்டியிருந்த சுண்ணச்சாந்தைத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து சுரண்டி எடுத்தார்கள். பயன்படாத ஓடுகளை இடித்துத் தூளாக்கிப் புதிய ஓட்டு மண்ணில் கலந்தார்கள். பழைய ஆவணம் சொன்ன செந்நிறத்தைத் தேடிப்போனவர்கள் தீவின் வடபகுதி ஓடைகளில் இரும்பு பாக்டீரியா படியவைக்கும் செம்படிவைக் கண்டெடுத்தார்கள். இதை நகல் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கசூபியிலும் நிலை இதுதான்: எரிந்த மறுநாள் உகாண்டாவின் குடியரசுத் தலைவர் வந்தபோது திரண்ட மக்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. அந்த மாளிகைக்குள்ளும் 1938 முதலே கான்கிரீட் தூண்கள் இருந்தன. அது தெரிந்தும் யாருடைய துயரமும் குறையவில்லை. மரபின் உண்மைத்தன்மையைப் பொருளை மட்டும் வைத்து அளக்கக்கூடாது, செய்முறையையும் பயன்பாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 1994இல் நாரா ஆவணம் சொன்னது. சுற்றுலாக் கையேடுகளுக்கு அது இன்னும் எட்டவில்லை.

ஷுரியின் பேரவை மண்டபத்தை 2026 இலையுதிர் காலத்தில் முடிப்பது திட்டம். போகிறவர்கள் நாஹாவோடு நின்றுவிடாமல், வடக்கே குனிகாமிக்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டும். இம்முறை சில பெரிய உத்தரங்களுக்குக் கருவாலி மரம் தந்த காடு அங்கே இருக்கிறது. வருங்காலப் பழுதுபார்ப்புக்கென்றே கன்று நட்டும் வளர்க்கிறார்கள். கம்பாலா போகிறவர்கள் தென்மேற்கே மசாகா வட்டாரத்துக்குப் போய், மரவுரி அடிக்கும் கிராமம் ஒன்றில் பட்டை துணியாகிற வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, அதன்பிறகு கசூபி குன்று ஏறலாம்.