ஆற்று வளைவின் போர்வைச் சங்கம்

கிழிந்த துணிகளைச் சேர்த்துத் தைத்துக் குளிருக்குப் போர்த்திக்கொள்வது, வறுமை குடியிருந்த தேசங்களிலெல்லாம் ஸ்திரீகள் பரம்பரையாகச் செய்துவந்த காரியந்தான். ஆனால், அப்படித் தைத்த போர்வைகளை முதலாக வைத்தே ஒரு சங்கம் கண்டு, அச்சங்கத்தின் பெயரில் நிலம் வாங்கி, வாக்குரிமை கேட்ட ஒரே காரணத்துக்காகக் குடியிருந்த இடத்தைவிட்டு விரட்டப்பட்ட குடும்பங்களுக்கு அந்நிலத்தில் மனை பிரித்து விற்ற பெண்களைப் பற்றி நம்மில் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1966ஆம் ஆண்டு கறுப்பினப் பெண்கள் அமைத்த 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்னும் கூட்டுறவுச் சங்கத்தைத்தான் சொல்லுகிறேன். அந்தப் பிரதேசத்துப் போர்வைகளுக்கு உலகம் பின்னாளில் செலுத்திய மரியாதையில் நாலில் ஒரு பங்கையாவது அந்தச் சங்கத்துக்குச் செலுத்தியிருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அலபாமா ஆறு வில்காக்ஸ் மாவட்டத்தின் வழியே பாயும்போது ஓரிடத்தில் பெரிதாக வளைந்து மூன்று புறமும் நிலத்தைச் சூழ்ந்துகொள்கிறது. ஜோசப் கீ என்ற பருத்திப் பண்ணை முதலாளி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நிலம் பிடித்ததனால் அவ்வளைவுக்குக் 'கீஸ் பெண்ட்' என்ற பெயர் ஏற்பட்டது. 1845இல் பண்ணை மார்க் பெட்வே என்பவரின் கைக்கு மாறியது. மறு ஆண்டில் அவர் வட கரோலினாவிலிருந்து குடும்பத்தோடு புறப்பட்டு வந்தபோது, ஏறத்தாழ நூறு அடிமைகள் அவ்வளவு தூரத்தையும் கால்நடையாகவே கடந்துவரும்படி செய்யப்பட்டார்கள். அடிமைத்தனம் ஒழிந்த பிறகும் அவர்களுடைய சந்ததியார் அந்த மண்ணைவிட்டுப் போகவில்லை. எஜமானின் குடும்பப் பெயரும் அவர்களைவிட்டுப் போகவில்லை. இன்றைக்கும் அவ்வூர்க்காரர்களில் பலருக்குப் பெட்வே என்பதே பெயர்.

1932இல் நடந்த ஒரு கொடுமையை அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். கடன் கொடுத்துவந்த வணிகர் ஒருவர் காலமானதும், அவருடைய மனைவியின் தரப்பில் வந்தவர்கள் அறுபது குடும்பங்களின் உடைமைகளை, கால்நடைகள், ஏர் முதலிய கருவிகள், சேமித்து வைத்திருந்த தானியம் என்று ஒன்றுவிடாமல் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியினால்தான் ஜனங்கள் உயிரோடு கடந்தார்கள். அதன் பின் ரூஸ்வெல்ட் அரசாங்கம் பழைய பண்ணை நிலத்தை விலைக்கு வாங்கி, குறைந்த வட்டியில் கடன் கொடுத்து, அங்கே குத்தகைக்கு உழுதவர்களையே சொந்தக்காரர்களாக்கிற்று. தென் மாநிலங்களில் கறுப்பினக் குடியானவனுக்குச் சொந்த நிலம் என்பது எவ்வளவு அபூர்வம் என்பதை அறிந்தவர்களுக்கு, இந்த ஏற்பாடு பின்னால் எவ்வளவு பெரிய காரியத்துக்கு அஸ்திவாரமாயிற்று என்பது விளங்கும்.

போர்வை தைக்கும் முறையைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் சங்கத்தின் இயல்பு முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. குவில்ட் எனப்படும் இந்தப் போர்வைக்கு மூன்று அடுக்குகள் உண்டு. மேலே துண்டுத் துணிகளை இணைத்துச் செய்த முகப்பு, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி. முகப்பைச் செய்வது தனியொருத்தியின் வேலை. கணவனின் நைந்த கால்சட்டை, கிழிந்த மேற்சட்டை, குழந்தைக்குச் சிறுத்துப்போன கவுன் இவற்றை எப்படிக் கிழிப்பது, எந்த நிறத்தை எந்த நிறத்துக்குப் பக்கத்தில் வைப்பது என்பதையெல்லாம் அவளே தன் வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்கிறாள். அதில் அடுத்த வீட்டுக்காரியின் யோசனைக்குக்கூட இடமில்லை. கீஸ் பெண்டில் பிரசித்தமான 'ஹவுஸ்டாப்' என்னும் வகையில், நடுவில் ஒரு சதுரத்தை வைத்து அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகளைச் சேர்த்துக்கொண்டே போவார்கள், இலக்கணம் அவ்வளவுதான். ஆயினும் அந்த வகையில் இரண்டு பெண்கள் செய்த போர்வைகள் ஒன்றுபோல் இருந்ததில்லை. அடித்துணிக்கு மாவு மூட்டைச் சாக்கும் உரச் சாக்கும் பயன்பட்டன. பஞ்சாலைத் தரையில் கூட்டி எடுத்த கழிவுப் பஞ்சைக் கோலால் அடித்து மென்மையாக்கி நடுவே பரப்பினார்கள்.

முகப்பு முடிந்த பிறகுதான் கூட்டு வேலை தொடங்குகிறது. மூன்று அடுக்கையும் ஒரு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, நாலைந்து பெண்கள் சுற்றிலும் உட்கார்ந்து, மூன்றையும் ஒன்றாகப் பிடிக்கும் நுண்ணிய தையலை ஓரத்திலிருந்து போட்டுக்கொண்டு வருவார்கள். இன்று ஒருத்தி வீட்டுப் போர்வை, நாளை இன்னொருத்தி வீட்டுப் போர்வை. தைக்கும்போது ஜபம் செய்வார்கள், தேவாலயப் பாட்டுகளைப் பாடுவார்கள், ஊர்ச் செய்திகளைப் பரிமாறிக்கொள்வார்கள். சட்டத்துக்கடியில் குழந்தைகள் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தபடி வளர்ந்தார்கள். கற்பனை ஒருத்திக்குச் சொந்தம், தையல் எல்லாருக்கும் பொது என்ற இந்த ஏற்பாடு, எந்தச் சட்டதிட்டமும் எழுதப்படாமலேயே அவர்களிடம் நிலைத்திருந்தது.

மிசௌரி பெட்வே என்ற பெண்மணி 1942இல் தைத்த போர்வை ஒன்று இருக்கிறது. கணவர் இறந்தபின், வயலில் வேலை செய்த காலத்தில் அவர் அணிந்திருந்த உடைகளையே கிழித்து மிசௌரி அதைத் தைத்தார். தந்தையை நினைத்துக்கொள்ளவும், அவருடைய அன்பில் போர்த்திக்கொண்டு படுக்கவும் தாயார் அப்படிச் செய்ததாக, அன்று கூடவே உட்கார்ந்து துணி கிழித்துக் கொடுத்த மகள் அர்லோன்ஸியா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். முழங்கால் பட்டு வெளுத்த இடங்களும், தைக்கப்பட்ட பையைப் பிரித்ததனால் நிறம் மங்காமல் தெரியும் நீலமும் அந்த ஊர்ப் போர்வைகளில் அப்படியே காட்சியளிக்கின்றன. எந்தச் சாயப்பட்டறையாலும் உண்டாக்க முடியாத வர்ணங்கள் அவை.

இனி வாக்குரிமைக் கதைக்கு வருகிறேன். 1962இல், அக்கரையிலுள்ள கேம்டன் நகரத்துக்குப் போகும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. கேம்டன்தான் மாவட்டத் தலைநகர். வாக்காளராகப் பதிவுசெய்துகொள்ள வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும். சில நிமிஷங்களில் ஆற்றைக் கடந்து சென்றவர்கள், அதற்குப் பிறகு நாற்பது மைல் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அந்தப் படகு மறுபடியும் ஓடத் தொடங்கியது 2006இல்தான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வில்காக்ஸ் மாவட்டத்தில் கறுப்பினத்தாரே பெரும்பான்மையோர். ஆயினும் 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்களில் ஒருவருடைய பெயர்கூட வாக்காளர் ஜாபிதாவில் இல்லை. அவ்வாண்டு பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் கீஸ் பெண்டுக்கு வந்து பேசினார். சொந்த நிலம் உடையவர்கள் அச்சமின்றி அவர் பின்னே புறப்பட்டார்கள். ஆனால் சுற்றுவட்டாரத்தில் வெள்ளை நிலச்சுவான்தார்களின் குடிசைகளில் இருந்து உழுதவர்களோ, பெயரைப் பதிவுசெய்த உடனே வெளியே தள்ளப்பட்டார்கள்.

இந்தக் கொந்தளிப்பின் நடுவேதான் சங்கம் உதயமாயிற்று. ஃபிரான்சிஸ் வால்டர் என்ற எபிஸ்கோபல் பாதிரியார், 1965ஆம் ஆண்டின் இறுதியில் அந்தப் பக்கமாகப் பயணம் செய்தபோது, ஒரு வீட்டு வாசலில் கொடியில் உலர்ந்த மூன்று போர்வைகளைக் கண்டு வண்டியை நிறுத்தி இறங்கினார். வெள்ளைக்காரர் ஒருவர் வருவதைக் கண்ட மாத்திரத்தில் அந்த வீட்டுப் பெண் காட்டுக்குள் ஓடி மறைந்துவிட்டார் என்பதிலிருந்தே அந்நாளைய நிலைமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். பாதிரியார் பிறகு ஊர் ஊராகச் சென்று போர்வை ஒன்றுக்கு 10 டாலர் கொடுத்துச் சேகரித்து, அவற்றை நியூயார்க்கில் ஏலத்துக்கு விட ஏற்பாடு செய்தார். 1966 மார்ச்சில் பெண்கள் கூடி முறைப்படி சங்கம் அமைத்தார்கள். எஸ்டெல் விதர்ஸ்பூன் என்ற அம்மையார் அதன் மேலாளராக நெடுங்காலம் பொறுப்பேற்று நடத்தினார். 1969இல் ஆல்பர்ட்டா என்ற சிற்றூரில், மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரால் அவர்களுக்கென்று ஒரு தையற்கூடம் எழும்பிற்று. அதற்காக வாங்கிய 23 ஏக்கரில் ஒரு பகுதியைத்தான், நான் முன்பு கூறியபடி, வீடிழந்த குடும்பங்களுக்கு மனைகளாக விற்றார்கள். வேலைக்கு வரும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்தார்கள். பருத்தி வயலில் நாள் முழுவதும் குனிந்து அற்பக் கூலி வாங்கிய பெண்ணுக்குத் தன் பெயரில் ஒரு சம்பளம், தன் வாக்கால் தேர்ந்தெடுத்த நிர்வாகம், கணக்குக் கேட்கும் உரிமை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன.

சங்கம் தழைத்தது. நியூயார்க்கின் புளூமிங்டேல் போன்ற பெரிய கடைகள் சரக்குக் கேட்டன. 1972இல் சியர்ஸ் கம்பெனி கார்டுராய் துணியில் தலையணை உறை தைத்துத் தரச் சொல்லி ஒப்பந்தம் செய்துகொண்டது. அங்கேதான் ஒரு சங்கடமும் புகுந்தது. கடைக்காரன் கேட்பது ஒரே அளவு, ஒரே மாதிரி, ஒரே சீரான தையல்; நூறாவது உருப்படி முதல் உருப்படியைப்போலவே இருந்தாக வேண்டும். மனம்போனபடி வர்ணங்களை இசைத்த கைகள் மாதிரித்தாளைப் பார்த்துத் தைக்க வேண்டியதாயிற்று. இதைக் காரணமாகக் காட்டிச் சங்கம் கலையைக் கெடுத்துவிட்டது என்று பேசும் ரசிகர்கள் உண்டு.

அவர்களுடைய கூற்றை நான் ஒப்பவில்லை. வீட்டுக்கு மின்சாரமும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவும் தேடிக்கொண்ட பெண்ணைப் பார்த்து, நீ பழைய கந்தலோடு இருந்திருந்தால் உன் கலை இன்னும் தூய்மையாக இருந்திருக்கும் என்று சொல்ல யாருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அதுவுமன்றி, உண்மை அவர்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. சியர்ஸ் வேலையில் மிஞ்சிய கார்டுராய் துண்டுகள் வீடுகளுக்குப் போயின. கெட்டியான அந்தத் துணி நுண்ணிய வேலைக்கு வளையாததனால், பெண்கள் அகன்ற பட்டைகளாகவே அதைச் சேர்த்து, பொன்னிறமும் துருச் சிவப்பும் பச்சையுமாகப் புதிய போர்வைகளை உண்டாக்கினார்கள். இன்று அருங்காட்சியகங்கள் போற்றும் கீஸ் பெண்ட் போர்வைகளில் அவை முக்கியமானவை. பகலில் கூடத்தில் ஜீவனத்துக்காகத் தைத்தவர்கள், இரவில் வீட்டில் தமக்காகத் தைத்தார்கள். ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை, ஊட்டி வளர்த்தது.

2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொடங்கி நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்குச் சென்ற கண்காட்சி இந்தப் போர்வைகளை உலகப் பிரசித்தமாக்கிற்று. வில்லியம் ஆர்னெட் என்ற சேகரிப்பாளர் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்தவை அவை. மத்தீஸ், கிளே போன்ற ஐரோப்பிய ஓவிய மேதைகளோடு பத்திரிகை விமரிசகர்கள் அவற்றை ஒப்பிட்டார்கள். 2006இல் அமெரிக்கத் தபால் இலாகா இப்போர்வைகளின் உருவம் தாங்கிய பத்துத் தபால் தலைகளை வெளியிட்டது. எழுபது வயதுக்கு மேற்பட்ட மூதாட்டிகள் தங்கள் போர்வை வெள்ளைச் சுவரில் தொங்குவதைப் பார்த்து நின்ற அந்தப் பெருமையை நான் சிறிதும் குறைத்துப் பேசமாட்டேன். தாமதமாக வந்தாலும் அது நியாயமாக வந்த கௌரவம். ஆனால் போர்வையின் உருவங்கள் கம்பளங்களிலும் வீட்டுச் சாமான்களிலும் அச்சாகி விற்பனைக்கு வந்தபோது, தமக்குரிய பங்கு வரவில்லை என்று 2007இல் அப்பெண்களில் சிலர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. மறு ஆண்டில் வழக்குகள் சமரசமாக முடிந்தன. முடிந்தாலும், அவ்வளவு புகழுக்கு நடுவே அந்தக் கேள்வி எழ நேர்ந்ததே வருந்தத்தக்க விஷயம்.

போர்வை ஒவ்வொன்றாகப் பிரிந்து சுவருக்குப் போன அதே ஆண்டுகளில், பொதுவில் தைத்த சங்கம் மெலிந்துகொண்டே வந்தது. மூத்தவர்கள் மறைந்தார்கள், இளையவர்கள் வேலை தேடி நகரங்களுக்குப் போனார்கள், மலிவான இறக்குமதிப் போர்வைகளோடு விலையில் போட்டியிட முடியவில்லை. 2012இல் ஃப்ரீடம் குவில்டிங் பீ மூடப்பட்டது. அதற்கு முன்பே, 2003இல், கீஸ் பெண்ட் பெண்கள் தமக்கென்று வேறொரு கூட்டமைப்பை நிறுவிக்கொண்டிருந்தார்கள். 2021 முதல் அவர்களில் சிலர் இணையக் கடையில் தத்தம் பெயரிலேயே விற்கிறார்கள். போர்வைகளைக் கொடியில் காயப்போடும் பழைய வழக்கத்தை அண்மை ஆண்டுகளில் ஒரு திருவிழாவாகவே கொண்டாடி, வெளியூராரையும் வரவழைக்கிறார்கள். இவை யாவும் மிகவும் நல்ல ஏற்பாடுகள். என்றாலும், தனித்தனியே விற்கும் பெண்ணுக்குப் பொருளின் விலைதான் கிடைக்கும்; வீடிழந்தவளுக்கு மனையும், கைக்குழந்தைக்காரிக்கு ஆதரவும், சபையில் எழுந்து பேசும் பழக்கமும் சங்கம் இருந்தால்தான் கிடைக்கும்.

ஆகவே அருங்காட்சியக நிர்வாகிகளிடமும், பெரும்பணம் கொடுத்து இவற்றை வாங்கும் தனவான்களிடமும் நான் கேட்பது இரண்டு. போர்வைக்குப் பக்கத்தில் தைத்தவளின் பெயரை எழுதுகிறார்கள்; அதை அவளிடமிருந்து எந்த ஆண்டில் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதையும் அதே பலகையில் எழுதட்டும். ஒவ்வொரு விற்பனையிலும், ஒவ்வொரு கண்காட்சிக் கட்டணத்திலும் ஒரு பங்கு, தைத்தவளுக்குக் கொடுப்பது போக, ஊரிலுள்ள பெண்களின் கூட்டமைப்புக்கு ஆண்டுதோறும் போகட்டும். அதைக் கொண்டு கூடம் கட்டுவதா, பிள்ளைகளுக்குத் தையல் பயிற்றுவிப்பதா, நிலம் வாங்குவதா என்பதை 1966இல் தீர்மானித்ததுபோல் அவர்களே கூடித் தீர்மானித்துக்கொள்வார்கள்.