அரசகதையில் சிரிப்புக்கும் இடமுண்டு

அரசர்களின் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னால் வரலாறு கெட்டுவிடும் என்ற எண்ணம் யாழ்ப்பாணத்தில் ஆழ வேரூன்றியிருக்கிறது. வாள்வீச்சும் காதலும் சூழ்ச்சியும் கேலியும் கலந்த சீன அரண்மனைப் படத்தை 'வெறும் பம்பல்' என்று ஒதுக்குகிறோம். யாழ்ப்பாண மன்னன் சங்கிலியன் கதைக்கு வீரவசனமும் கண்ணீருமே தகும் என்கிறோம். இது தவறான எண்ணம். நம் வரலாற்றில் பாதியை இதுவே நம்மிடமிருந்து மறைத்தது.

1992இல் ஹொங்கொங்கில் வெளிவந்த, ஸ்டீபன் சௌ நடித்த 'ராயல் ட்ராம்ப்' படத்தைப் பாருங்கள். ஜின் யோங் 1969 முதல் 1972 வரை தொடராக எழுதிய நாவலே அதன் மூலம். விலைமாதர் விடுதியில் வளர்ந்த வாயாடிப் பையன் ஒருவன் அரண்மனைக்குள் புகுந்து, இளம் பேரரசர் காங்ஷிக்குத் தோழனாகிறான். அதே அரசைக் கவிழ்க்க நினைக்கும் இரகசியச் சங்கத்துக்கும் ஆளாகிறான். அவன் கற்பனை. ஆனால் சிறுவயது அரசரை ஓரங்கட்டிவிட்டு அதிகாரம் செலுத்திய ஓபோய் என்ற பிரபுவும், 1669இல் காங்ஷி அவரைச் சிறைப்பிடித்ததும் வரலாறு. அச்சமும் முகத்துதியும் ஓர் அரண்மனையை எப்படி நடத்தின என்பதை அந்தச் சிரிப்பு உரித்துக் காட்டுகிறது.

நம் அரண்மனையும் அப்படித்தான் இருந்தது. மயில்வாகனப் புலவரின் 'யாழ்ப்பாண வைபவமாலை'யில் நஞ்சும் கத்தியும் வருகின்றன. கண்டிக்கு மருத்துவம் பார்க்கப் போன அண்ணன் திரும்புவதற்குள் தம்பி சிம்மாசனத்தில் ஏறிவிடுகிறான். 1617இல் எதிர்மன்னசிங்கன் இறந்தபின், குழந்தை வாரிசுக்காக ஆள வேண்டியிருந்த அரசகேசரியைக் கொன்றே சங்கிலி குமாரன் ஆட்சியைப் பிடித்தான். 1560இல் ஆண்ட சங்கிலி வேறொருவன். போர்த்துக்கேயர் நல்லூரைப் பிடித்தபோது அவன் கோப்பாய்க் கோட்டைக்குப் பின்வாங்கி, அங்கிருந்தும் தப்பினான். பிறகு உடன்படிக்கை, அதன்பின் கிளர்ச்சி. கடைசியில் போர்த்துக்கேயர் மன்னாரோடு நிற்க வேண்டியதாயிற்று. கோப்பாயில் பிடிபடாமல் போனதே அரசைக் காத்தது. வீரவசன நாடகத்தால் ஓடும் அரசனைக் காட்ட முடியாது. ஆகவே இந்த அருமையான அத்தியாயம் விடுபட்டுப்போகிறது. இரண்டு சங்கிலிகளும் மக்கள் நினைவில் ஒருவராகி, முத்திரைச்சந்தியில் குதிரைமீது வாளேந்தி இருக்கிறார்கள். அரசகுடும்பத்தின் குத்துவெட்டு முழுவதும், காட்டிக்கொடுத்தவனாகச் சொல்லப்படும் காக்கை வன்னியன் என்ற ஒருவன் தலையில் கட்டப்படுகிறது.

சிரிப்புப் படம் பொய்யைக் கலக்கும் என்பார்கள். கலக்கும்தான். ஆனால் 'பொன்னியின் செல்வன்' நந்தினியும் கற்பனைதான். கதை கம்பீரமாக நடப்பதால் அவளை உண்மையில் வாழ்ந்தவளென்று நம்புவோர் பலர். 2006இல் வந்த 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யைப் பார்த்து, அப்படியொரு மன்னன் இருந்தான் என்று எவரும் நம்பியதில்லை. தான் கற்பனை என்பதை நகைச்சுவை மறைப்பதில்லை. பொம்மை அரசன், அவனை ஆட்டிவைக்கும் மாமன், அந்நியருக்கு விலைபோகும் அரசவை என்று அந்தப் படம் காட்டியவை மெய்யான அரசியல். கேலி ஏமாற்றவில்லை; கம்பீரம்தான் பலரை ஏமாற்றியிருக்கிறது.

அரசிழந்து, போரில் எல்லாம் இழந்த இனம் தன் மன்னனைப் பார்த்துச் சிரிக்கலாமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் நம் இசைநாடக மேடையில் அரசனோடு பபூனும் ஏறினான். அதனால் அரிச்சந்திரனின் துயரம் குறைந்துவிடவில்லை. பேரரசர் ஹர்ஷர் பெயரால் வழங்கும் 'ரத்னாவளி'யில், கப்பலுடைந்து தப்பிய சிங்கள தேசத்து இளவரசி, அடையாளம் மறைத்து அரசியின் பணிப்பெண்ணாக இருக்கிறாள். அரசன் காதலில் விழுந்து மனைவியிடம் அகப்பட்டுத் திண்டாடுகிறான். அதை 'மாணிக்கமாலை'யாகத் தமிழில் தந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளைதான் 'சங்கிலி' நாடகத்தையும் எழுதினார். இரண்டுக்கும் அவர் ஒருவரிடமே இடமிருந்தது.

ஆகவே பாடசாலை நாடகப் போட்டிகளுக்கு எழுதுவோரிடம் கேட்கிறேன்: 1560இன் கோப்பாயை எடுங்கள். தப்பியோடும் அரசனையும், யார் பக்கம் சாய்வதென்று கணக்குப் போடும் பிரதானிகளையும் மேடையேற்றுங்கள். பிள்ளைகள் சிரிக்கட்டும்.