பாலிடெக்னிக் முட்டுச்சந்து அல்ல

பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் பொறியியல் பட்டம் எட்டாது என்ற வாதம் தவறானது. எடுத்துக்காட்டாக, அடையாறை அடுத்த தரமணியில் சென்ட்ரல் பாலிடெக்னிக்கும், அதே வளாகத்தில் அச்சு, ஜவுளி, வேதித் தொழில்நுட்பப் பயிலகங்களும் இயங்குகின்றன. இவற்றில் பட்டயப் படிப்பு 3 ஆண்டுகள். தேர்ச்சி பெற்றவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். மேலும் 3 ஆண்டுகளில் பட்டம் கிடைக்கும்.

மேல்நிலைப் பள்ளி வழியில் 2 ஆண்டுகளும் பி.இ.க்கு 4 ஆண்டுகளும் ஆகின்றன. இரு வழிகளிலும் மொத்தம் 6 ஆண்டுகளே. எனவே காலம் வீணாகும் என்பதும் பொய்க்கணக்கு.

பட்டயம் பெற்றவருக்கு இடையிலேயே வேலைக்குச் செல்லும் தகுதியும் கிடைக்கிறது. பட்டப்படிப்பில் கணிதம் தொடர்வதால், அதில் அடித்தளம் வலுவாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நியாயமான எச்சரிக்கை.